தராய்க் காட்டில் ஒரு கணக்குப் பாடம்

(நம் உறுப்பினர் ஒருவரின் பயண அனுபவம்)



கடைக்காரன் கடையை விட்டுவிட்டு ஊர் சுற்றப் போவது லேசான காரியம் அல்ல என்பது உங்களுக்கே தெரியும். பண்டிகை வந்தால் வியாபாரம், பண்டிகை போனால் வசூல், மார்ச் வந்தால் ஆண்டுக் கணக்கு. "முக்திநாத் போய்ச் சாளக்கிராமப் பெருமாளைச் சேவிக்க வேண்டும்" என்று என் மனைவி சொல்லத் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. சென்ற மார்ச் மாதம், கல்லாச் சாவியை மகன் கையில் கொடுத்துவிட்டு ஒரு வழியாகப் புறப்பட்டோம். எங்கள் கடைத்தெருவிலிருந்து பத்துத் தம்பதியர், ஒரு சமையற்காரர், அவருக்கு ஓர் உதவியாள், ஆக 22 பேர்.

சரக்குச் சிட்டை போடும் பொறுப்பை நானே ஏற்றுக் கொண்டேன். 22 பேருக்கு 16 நாள். பொன்னி அரிசி 26 கிலோ சிப்பம் நான்கு, துவரம்பருப்பு 25 கிலோ, புளி, மிளகாய்த் தூள், சாம்பார்ப் பொடி, அப்பளம், ஊறுகாய், நல்லெண்ணெய், காப்பித் தூள், சர்க்கரை, கல்லுப்பு. எல்லாம் எங்கள் கடைகளிலிருந்தே கொள்முதல் விலைக்கு எடுத்தது. "வழியில் கண்ட கடையில் கண்ட விலைக்கு ஒரு பொட்டலம்கூட வாங்க வேண்டாம்" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். அந்தப் பெருமைக்கு என்ன ஆயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முக்திநாத் தரிசனம் நல்லபடியாக முடிந்தது. அதைப் பற்றி எழுதியவர்கள் பலர். நான் எழுத வந்தது, திரும்பும் வழியில் மூன்று நாள் தங்கிய தராய்க் காட்டைப் பற்றி.

பனியிலிருந்து புல்வெளிக்கு

நேபாளம் என்றால் நம் மனக்கண்ணில் வருவது பனிமலை. ஆனால் அந்த நாட்டின் தெற்கு ஓரம் முழுவதும், இந்திய எல்லையை ஒட்டி, நீண்ட நாடா போல ஒரு தாழ்நிலம் கிடக்கிறது. அதற்குத் தராய் என்று பெயர். இமயத்திலிருந்து இறங்கும் ஆறுகள் மலையடிவாரத்தில் கற்களையும் சரளையையும் கொட்டி விடுகின்றன. அந்தச் சரளைக்குள் தண்ணீர் இறங்கி மறைந்து, சில மைல் தெற்கே மீண்டும் ஊற்றாகவும் சதுப்பாகவும் வெளிப்படுகிறது. அப்படித் தண்ணீர் வெளிப்படும் ஈரநிலமே தராய். கோடையில் நம் ஊரைப் போலவே கொளுத்தும். குளிர்காலத்திலோ மூடுபனி இறங்கிக் கம்பளி கேட்கும்.

முக்திநாத் ஏறக்குறைய 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து இறங்கி, போக்ராவில் ஒரு நாள் இளைப்பாறி, முக்லிங் வழியாக நாராயண்கட் வந்தோம். பிறகு நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து சௌராஹா என்ற ஊரை அடைந்தோம். உயரம் 200 மீட்டர் அளவுக்கு வந்துவிட்டது. ஸ்வெட்டர்கள் பைக்குள் போயின. இலவ மரங்கள் இலை ஒன்றுகூட இல்லாமல், கிளை கொள்ளாத சிவப்புப் பூவோடு நின்றன.

ஒரு செய்தி எங்கள் பெண்களை மிகவும் கவர்ந்தது. சாளக்கிராமக் கற்கள் கிடைக்கும் காளி கண்டகி ஆறு, தேவ்காட் என்ற இடத்தில் திரிசூலி ஆற்றோடு கலந்து, நாராயணி என்ற பெயரோடு இந்தக் காட்டின் மேற்கு ஓரமாக ஓடுகிறது. அங்கிருந்து பீகாருக்குள் போய்க் கண்டக் ஆகிறது. ஆகவே மலையில் சேவித்த தீர்த்தம் எங்களுக்கு முன்பே காட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது.

சௌராஹாவுக்கு எதிர்க்கரையில் இருப்பது சித்வன் தேசியப் பூங்கா. 1973இல் ஏற்பட்டது, நேபாளத்தின் முதல் தேசியப் பூங்கா இதுவே. 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இடையில் ஓடுவது ராப்தி ஆறு. நாங்கள் வந்த ராப்திசாகர் ரயிலின் ஆறுதானா இது என்று நண்பர் ஒருவர் கேட்டார். இல்லையாம். கோரக்பூர் வழியாக ஓடுவது வேறு ராப்தி. பெயர் ஒன்று, ஆறு இரண்டு.

தோணியில் ஒரு காலை

முதல் நாள் விடியலில் தோணிப் பயணம். ஒரே மரத்தைக் குடைந்த, நீண்டு ஒடுங்கிய தோணி. ஆளுக்கொரு சிறு பலகையில் ஒருவர் பின் ஒருவராக உட்கார வேண்டும். தண்ணீர் மட்டம் நம் முழங்கைக்கு ஒரு சாண் கீழே. எங்களில் சற்றுக் கனமான அன்பர் ஒருவர் பெருமூச்சு விட்டாலே தோணி ஆடியது.

ஆற்றின் மேல் மெல்லிய புகை போலப் பனி. மணல் திட்டுகளில் செம்பொன் நிற வாத்துகள் ஜோடி ஜோடியாக நின்றன. குளிர்காலத்தைக் கழிக்க இமயத்துக்கு அப்பாலிருந்து வந்து, வெயில் ஏறியதும் திரும்பிப் போகும் பறவைகள் அவை. கரையில் கிடந்த மரக்கட்டை ஒன்று வாயைத் திறந்தது. முதலை! அதற்குச் சற்றுத் தள்ளி இன்னொரு வகை. மூக்கு மெலிந்து, நீண்டு, மீன் பிடிக்கும் இடுக்கி போல இருந்தது. இதற்குக் கரியால் என்று பெயர். வளர்ந்த ஆண் முதலையின் மூக்கு நுனியில் சிறு பானை கவிழ்த்தது போல ஒரு புடைப்பு உண்டு. கரா என்றால் குடம். அதிலிருந்து வந்ததே கரியால் என்ற பெயர். மீனைத் தவிர வேறொன்றையும் பெரிதாக நாடாத சாது. ஆற்றிலிருந்து அருகிப் போனதால், 1978 முதல் இதன் முட்டைகளை எடுத்துப் பொரிக்க வைத்துக் குஞ்சுகளை வளர்த்து ஆற்றில் விடுகிறார்கள். காசரா என்ற இடத்தில் அந்த வளர்ப்பு நிலையத்தைப் பார்க்கலாம்.

தோணி ஒரு வளைவில் திரும்பியது. தோணிக்காரர் கையைத் தூக்கினார். பாறை என்று நான் நினைத்தது மூச்சு விட்டது. கழுத்தளவு தண்ணீரில் கிடந்த காண்டாமிருகம்! எங்களுக்கும் அதற்கும் முப்பது அடி இருக்கலாம். காதுகளை மட்டும் எங்கள் பக்கம் திருப்பியது. பிறகு மெதுவாக எழுந்து கரையேறியது. தோளிலும் தொடையிலும் தகடு தகடாக மடிந்த தோல். அதிலிருந்து நீர் வடிந்தது. இரண்டு டன் எடை. புல்லுக்குள் நுழைந்ததும் காணவில்லை! அத்தனை பெரிய உடம்பை முழுதாக மறைக்கும் உயரம் அந்தப் புல். ஆறு மீட்டருக்கும் மேல் வளரும் வகைகள்கூட உண்டு என்றார்கள்.

இரண்டாம் நாள் காலை காட்டுக்குள் நடை. குழுவுக்கு முன்னால் ஒரு வழிகாட்டி, பின்னால் ஒருவர். இருவர் கையிலும் மூங்கில் தடி மட்டுமே. நுழையும் முன் பாடம் நடத்தினார்கள். காண்டாமிருகம் பாய்ந்தால் நேராக ஓடக் கூடாது. வளைந்து வளைந்து ஓடி மரத்தில் ஏற வேண்டும். அதற்குக் கண் பார்வை மட்டு, மூக்கும் காதும் கூர்மை. கரடி வந்தால் எல்லோரும் ஒன்றாக நெருங்கி நின்று தடியால் தரையைத் தட்ட வேண்டும். புலி எதிர்ப்பட்டால் முதுகைக் காட்டாமல், அதன் கண்ணைப் பார்த்தபடியே பின்வாங்க வேண்டும். மரம் ஏறும் வயதா எங்களுக்கு? ஆனாலும் பயபக்தியோடு கேட்டுக் கொண்டோம்.

புள்ளிமான் கூட்டம் பார்த்தோம். மரத்தின் உச்சியில் இருவாசி பார்த்தோம். சால மரத்தின் பட்டையில் ஆள் உயரத்துக்கு மேல் புலி கீறிய தடம் பார்த்தோம். புலியைப் பார்க்கவில்லை. பார்த்ததாகச் சொல்லிக் கொள்ளவும் விருப்பமில்லை.

இருப்புப் புத்தகம்

அன்று மாலை தங்கும் விடுதியில், அந்த வழிகாட்டியிடம் இந்தக் காட்டின் கதையைக் கேட்டேன். அவர் சொன்ன எண்ணிக்கைகளைப் பழக்க தோஷத்தில் பேரேட்டில் பதிவது போல எழுதி வைத்தேன். ஊர் திரும்பியதும் சரிபார்த்துக் கொண்டேன். சித்வனின் காண்டாமிருக இருப்பு இது:

1950 வாக்கில் – ஏறக்குறைய 800
1960களின் இறுதியில் – 100க்கும் கீழ்
2000 – 544
2005 – 372
2011 – 503
2015 – 605
2021 – 694

எந்த வணிகரும் இந்த ஏட்டைப் பார்த்தால் இரண்டு இடத்தில் விரல் வைப்பார். 800 எப்படி 100 ஆயிற்று? 544 எப்படி ஐந்தே ஆண்டில் 372 ஆயிற்று?

முதல் சரிவுக்குக் காரணம் ஒரு நல்ல காரியம். பழைய நாளில் தராய் முழுவதும் கடுமையான மலேரியா. வெளியூர் மக்கள் அங்கே இரவு தங்கவே அஞ்சுவர். தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்த தாரு மக்களின் இரத்தத்துக்கு அந்தக் காய்ச்சலைத் தாங்கும் வலிமை ஓரளவு இருந்தது. நேபாளத்தை ஆண்ட ராணாக்கள் தெற்கு எல்லைக்கு இயற்கையான கோட்டைச் சுவராகவும் தங்கள் வேட்டைக் காடாகவும் இதை வைத்திருந்தார்கள். 1911இல் டில்லி தர்பாருக்கு வந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வேட்டைக் குழு, இங்கே 39 புலிகளையும் 18 காண்டாமிருகங்களையும் சுட்டது.

ராணாக்களின் ஆட்சி 1951இல் முடிந்தது. அந்தப் பத்தாண்டில் டி.டி.டி. மருந்து தெளித்து மலேரியாவை அடக்கினார்கள். மலையில் நிலமில்லாமல் வாடிய மக்கள் ஆயிரக்கணக்கில் இறங்கி வந்தார்கள். காடு வயலாயிற்று. ஏழைக்குச் சோறு கிடைத்தது. விலங்குக்கு இடம் போயிற்று. கொம்புக்காகக் கொல்லுவதும் கூடவே நடந்தது. அந்தக் கொம்பில் இருப்பது நம் நகத்தில் இருக்கும் அதே பொருள்தான். ஆனாலும் வெளிநாட்டுச் சந்தையில் மருந்து என்று சொல்லித் தங்க விலைக்கு விற்கிறார்கள்.

இரண்டாவது சரிவு, 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின் போது வந்தது. காவல் இருந்த இராணுவம் பல முகாம்களைக் காலி செய்து சில இடங்களில் மட்டும் குவிந்தது. கதவு திறந்த கிடங்கைக் கண்ட திருடர் சும்மா இருப்பார்களா?

இந்தச் சரக்கு ஒரு முறை குறைந்தால் ஏறுவது மிக மெதுவாகத்தான். காண்டாமிருகம் ஏறக்குறைய 16 மாதம் சுமந்து ஒரே ஒரு கன்று ஈனும். அடுத்த கன்றுக்கு மூன்று ஆண்டு ஆகும். அப்படியிருந்தும் இருப்பு ஏறியிருக்கிறது என்றால் காவல் மட்டும் காரணம் அல்ல. சுற்றியுள்ள ஊர்கள் கூட்டாளிகள் ஆக்கப்பட்டன. 1996இல் வந்த விதிப்படி, பூங்காவின் வருமானத்தில் 30 முதல் 50 சதவீதம் வரை சுற்றுக் கிராமங்களின் வளர்ச்சிக்குத் திருப்பித் தர வேண்டும். பாதை, வேலி, பள்ளிக்கூடம் என்று அந்தப் பணம் போகிறது. கூரைக்கும் சுவருக்கும் வேண்டிய புல்லை ஆண்டுக்கு ஒரு முறை, குறித்த சில நாட்களில், அனுமதிச் சீட்டுடன் மக்கள் உள்ளே வந்து அறுத்துக் கொள்ளலாம். ஊராரே வளர்த்துக் காக்கும் சமூகக் காடுகளும் உண்டு. 2011ஆம் ஆண்டு நேபாளம் முழுவதிலும் ஒரு காண்டாமிருகம்கூடத் திருட்டு வேட்டையில் பலியாகவில்லை. 2021 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 752 இருந்தன.

"எல்லாம் வரவாகவே இருக்கிறதே, பற்று எங்கே?" என்று கேட்டேன். அவர் சிரித்தாரே தவிரப் பதில் சொல்லவில்லை. மறுநாள் மாலை ஒரு கடையில் அந்தப் பதில் கிடைத்தது.

சாஹுனியின் கடை

எந்த ஊருக்குப் போனாலும் கடைத்தெருவில் ஒரு சுற்று நடந்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். சௌராஹாவின் பெரிய வீதி சுற்றுலாப் பயணிகளுக்கானது. அதைத் தாண்டி உள்ளே போனால் ஊர்க்காரர்களின் கடைகள். ஒரு சிறிய மளிகைக் கடை முன் நின்றேன். மைசூர்ப் பருப்பு, அவல், கடுகெண்ணெய், பிரிஞ்சி இலை, நம் மிளகுக்கு ஒன்றுவிட்ட தம்பி போல நாக்கை மரக்க வைக்கும் திமூர், கிழக்கு மலைகளில் விளையும் பெரிய ஏலக்காய் என்று எல்லாம் வரிசையாக, சுத்தமாக அடுக்கியிருந்தன.

கல்லாவில் இருந்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்க தாரு இனத்துப் பெண்மணி. கடைக்காரப் பெண்ணைச் சாஹுனி என்பது அங்கே வழக்கம். "என்ன வேண்டும், தாஜு?" என்றார். தாஜு என்றால் அண்ணன்.

துவரம்பருப்புக் கொள்முதலுக்கு முப்பது ஆண்டுகளாக லாத்தூர் போய் வந்ததில் எனக்குக் கொஞ்சம் இந்தி வரும். "ஒன்றும் வேண்டாம் அம்மா. நானும் மளிகைக் கடைக்காரன். உங்கள் கடை அழகாக இருக்கிறது, பார்க்க நின்றேன்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. முக்காலி போட்டார், தேநீர் வந்தது. தராசு, கடன் ஏடு, வசூல் என்று பேச்சு ஓடியது. அவருடைய மாமியார் காலத்தில் மானா, பாத்தி என்று அளப்பார்களாம். எட்டு மானா ஒரு பாத்தி. நம் பழங்கணக்கில் எட்டு நாழி ஒரு குறுணி என்பது போல. எவ்வளவு தூரம் தள்ளி, எவ்வளவு கிட்டே!

"எத்தனை பேர் வந்திருக்கிறீர்கள்?"

"22 பேர்."

"எத்தனை நாள்?"

"மூன்று நாள்."

அவர் கண் ஒரு கணம் மேலே போயிற்று. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். மனக்கணக்கு. இத்தனை கிலோ அரிசி, இத்தனை பருப்பு, எண்ணெய், சர்க்கரை, பால். "சாப்பாடெல்லாம் விடுதியிலா?"

"இல்லை. சமையற்காரர் கூட வந்திருக்கிறார். சாமான் எல்லாம் ஊரிலிருந்தே கொண்டு வந்துவிட்டோம்."

"எல்லாமேவா?"

"எல்லாம்."

"உப்புகூடவா, தாஜு?"

ஏளனமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே ஆச்சரியமாகத்தான் கேட்டார். எனக்குத் தேநீர் தொண்டையில் நின்றது.

பிறகு தன் கதையைச் சொன்னார். சிறு வயதில் அவர்கள் வயலுக்கு இரவில் காண்டாமிருகம் வரும். அப்பா பரண் மேல் உட்கார்ந்து விடிய விடியத் தகரம் தட்டுவார். ஒரு இரவு அவர் கண் அசந்துவிட்டால் நாலு மாத உழைப்பு போய்விடும். "அப்பா அதைச் சபிக்காத நாள் கிடையாது. இப்போது நான் தினமும் கும்பிடுகிறேன். அதைப் பார்க்கத்தானே ஜனம் வருகிறது? ஜனம் வந்தால்தானே என் கடை நடக்கிறது?"

அவருடைய தம்பி இருப்பது மாடி என்ற பள்ளத்தாக்கில். பெயர்தான் மாடி, இருப்பது பூங்காவுக்குத் தெற்கே, காட்டுக்கும் இந்திய எல்லைக்கும் நடுவில் அடைபட்ட பள்ளத்தில். அங்கே பயணிகள் வருவது மிகக் குறைவு. விலங்குகள் மட்டும் தவறாமல் வருகின்றன. அந்தத் தம்பி இன்றும் பரணில்தான் இரவைக் கழிக்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் காட்டு யானை வீட்டுச் சுவரை இடித்து, உள்ளே வைத்திருந்த நெல்லை எடுத்துப் போயிற்றாம். நிவாரணம் உண்டு. ஆனால் மனு, சாட்சி, அலுவலகம், நடை என்று பல மாதம் இழுத்துவிட்டது.

"ஒரே காடு, தாஜு. எனக்கு வரவு மட்டும் எழுதுகிறது. அவனுக்குப் பற்று மட்டும் எழுதுகிறது" என்றார் அந்தச் சாஹுனி.

வழிகாட்டியிடம் நான் கேட்ட பற்று இதுதான். புலியின் கணக்கும் அப்படியே. நேபாளத்தில் 2009இல் 121 ஆக இருந்த புலிகள் 2022இல் 355 ஆயின. உலகமே பாராட்டியது. புல் அறுக்கவும் விறகு பொறுக்கவும் காட்டோரம் போய்ப் புலிக்கு இரையானவர்களின் வீடுகளில் அந்தப் பாராட்டு எப்படி ஒலித்திருக்கும்? மேற்கே பர்தியா மாவட்டத்தில், 2022 ஜூனில், வனவிலங்குத் தாக்குதலுக்குப் பாதுகாப்புக் கேட்டு மக்கள் சாலை மறியல் செய்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஓர் இளம்பெண் உயிரிழந்தார்.

அன்று இரவு

நம் சங்கத்தின் சார்பில் கடைதோறும் ஓர் அட்டை தொங்க விட்டிருக்கிறோம். "உங்கள் ஊர்க் கடையில் வாங்குங்கள்" என்று. பெரிய அங்காடிக்காரரும் கைப்பேசியில் ஆர்டர் பிடிப்பவரும் வந்த பிறகு, நம் வாசல் வழியாகவே பிறர் பொட்டலம் போவதைப் பார்த்து நாம் எவ்வளவு வயிறெரிகிறோம்! நம் தெருவில் குடியிருந்து, நம் சாலையில் நடந்து, நம்மிடம் நன்கொடைச் சீட்டும் கொடுத்துவிட்டு, சாமானை மட்டும் வெளியிலிருந்து தருவிக்கும் மனிதரைப் பற்றி நாம் என்னென்ன பேசியிருக்கிறோம்!

அவர்கள் காட்டைப் பார்த்து, அவர்கள் ஆற்றில் போய், அவர்கள் காப்பாற்றிய விலங்கைப் படம் எடுத்துக் கொண்டு, உப்பைக்கூட ஊரிலிருந்து சுமந்து வந்தவர்கள் நாங்கள் பத்துப் பேரும் கடைக்காரர்கள். நுழைவுக் கட்டணம் கொடுத்தோம், உண்மைதான். ஆனால் கடைத்தெருவுக்கு ஒரு தீப்பெட்டி வியாபாரம்கூடத் தரவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது இதைச் சொன்னேன். முதலில் சிரித்தார்கள். பிறகு யாரும் பேசவில்லை. எங்களில் மூத்தவரான எண்ணெய் மொத்த வியாபாரி, "கொண்டு வந்த மூட்டையைக் கட்டி வையுங்கள். நாளைக்கு அந்த அம்மா கடைச் சரக்கு" என்று தீர்ப்புச் சொன்னார். சமையற்காரர்தான் முறைத்தார்.

மறுநாள், மைசூர்ப் பருப்பில் சாம்பார். ருசி கொஞ்சம் மாறித்தான் இருந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை. மதியம் ஒரு தாரு குடும்பத்தின் வீட்டில் பணம் கொடுத்துச் சாப்பிட்டோம். நாணலை நட்டு மண் பூசிய சுவர், குளுகுளுவென்ற வீடு. அரிசி மாவைப் பிடித்து ஆவியில் வேக வைத்த டிக்ரி என்ற பலகாரம் வைத்தார்கள். பூரணம் இல்லாத கொழுக்கட்டைதான்! என் மனைவி செய்முறை கேட்டுக் கொண்டாள். புறப்படும்போது ஆளுக்குக் கால் கிலோ பெரிய ஏலக்காயும் திமூரும் சாஹுனி கடையில் வாங்கினோம். முதல் நாள் குடித்த தேநீருக்கு மட்டும் அவர் காசு வாங்கவில்லை.

ஒரு நாள் கொள்முதலால் மாடிப் பள்ளத்தாக்கின் நட்டம் தீர்ந்துவிடாது. அது எனக்கும் தெரியும். ஆனால் காட்டைக் காப்பவனுக்கு ஆதாயமே வராவிட்டால் நாளைக்குக் கொம்புத் திருடன் கொடுக்கும் காசுதான் அவன் கண்ணுக்குத் தெரியும். இது ஒரு வணிகருக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடுத்த முறை போனால் முதலில் மாடியில்தான் தங்குவது என்று முடிவு செய்திருக்கிறோம்.

போக விரும்புவோர் கவனத்திற்கு

வழி: கோவை, ஈரோடு, சேலம் வழியாக வரும் ராப்திசாகர் ரயிலில் கோரக்பூர். ஏறக்குறைய இரண்டு முழு நாள் பயணம். அங்கிருந்து பஸ்ஸில் எல்லை ஊரான சுனௌலி. எல்லை கடந்தால் பைரஹவா. அருகிலேயே புத்தர் பிறந்த லும்பினி. அங்கிருந்து புட்வல் வழியாக நாராயண்கட், சௌராஹா.

காலம்: அக்டோபர் முதல் மார்ச் வரை ஏற்றது. புல் அறுத்து முடிந்த பிறகு, பிப்ரவரி, மார்ச்சில் விலங்குகள் நன்றாகக் கண்ணில் படும். மழைக்காலத்தைத் தவிர்க்கவும். 2017 ஆகஸ்டு வெள்ளத்தில் காண்டாமிருகங்களே பீகாருக்கு அடித்துச் செல்லப்பட்டன என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்.

ஆவணம்: இந்தியருக்கு விசா தேவையில்லை. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை, அசலாகக் கையில் இருக்க வேண்டும்.

பணம்: நம் 100 ரூபாய்க்கு நேபாளப் பணம் 160. 1993 முதல் இதே விகிதம். நம் 100 ரூபாய் நோட்டு செல்லும். அதற்கு மேற்பட்ட நோட்டுகளைப் பற்றிய விதி பல முறை மாறியிருப்பதால் புறப்படும் முன் விசாரித்துக் கொள்ளவும். பூங்காக் கட்டணத்தில் சார்க் நாட்டவருக்குச் சலுகை உண்டு.

இன்னும் தொலைவு போக மனமுள்ளவர்களுக்கு: மேற்கே கர்ணாலி ஆற்றங்கரையில் பர்தியா தேசியப் பூங்கா, 968 சதுர கிலோமீட்டர். கூட்டம் குறைவு. 2009இல் 18 ஆக இருந்த புலிகள் 2022இல் 125 ஆகப் பெருகிய காடு. லக்னோ, ருபைடிஹா, நேபாள்கஞ்ச் வழியாகப் போகலாம்.

தங்குமிடம்: சௌராஹாவில் விடுதிகள் ஏராளம். ஊரார் நடத்தும் வீட்டுத் தங்கலுக்கு நாராயணிக்கு அப்பால் பரௌலி, மாடிப் பள்ளத்தாக்கில் அயோத்தியாபுரி.

சாமான்: காப்பித் தூளும் ஊறுகாயும் கொண்டு போங்கள், தப்பில்லை. உப்பை அங்கே வாங்கிக் கொள்ளுங்கள்.